மட்சாவும் மும்பைப் பழங்களும்: வீட்டில் ஐஸ் லாட்டே செய்து பார்த்த குறிப்பு

மட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி, லாட்டே என்பது பால் சேர்த்த பானம். பழம் சேர்த்த ஐஸ் மட்சா லாட்டே என்றால் எல்லோரும் மட்சாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நல்ல பொடி வாங்கி நுரை வர அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். செய்து பார்த்ததில் பொடி சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. இழுத்தடித்தது பழம். பாலோடு ஒத்துப்போகுமா, அடுப்பில் வைக்க வேண்டுமா, கலக்கிக் குடிப்பதா, அடுக்காகவே விட்டுக் குடிப்பதா என்பதையெல்லாம் பழம்தான் முடிவு செய்கிறது. மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் குளிர்காலத்துக்கு மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி, வெயிலுக்கு ஹாபூஸ் (அல்போன்சா மாம்பழம்), முதல் மழையோடு நாவல்பழம், மழை ஓயும்போது சீதாப்பழம் என்று கூடைகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே பானத்தைப் பழத்துக்குத் தகுந்தபடி வேறு வேறு விதமாகச் செய்ய வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பொடியை முடித்துவிடுகிறேன். மட்சா என்பது சாதாரண கிரீன் டீயை மிக்ஸியில் அரைத்தது இல்லை. பறிப்பதற்கு முன் மூன்று நான்கு வாரம் தேயிலைச் செடிக்கு நிழல் போடுகிறார்கள். வெயில் குறைந்தால் இலையில் பச்சையம் கூடும், துவர்ப்பைத் தரும் கேட்டகின் குறையும், நாக்கில் சுவையாக நிற்கும் தியனின் அப்படியே தங்கும். பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கியபின் கிடைப்பது தென்ச்சா. அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மட்சா. ஒரு கல்லில் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுதான் விழும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி வாசனை போய்விடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

டப்பாவில் ‘செரிமோனியல்’, ‘குலினரி’ என்று போட்டிருப்பார்கள். இவற்றுக்கு அரசாங்க அளவுகோல் எதுவும் கிடையாது. விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர்தான். நான் பெயரைப் பார்ப்பதில்லை. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை பொடியை வைத்து விரலால் ஒரே இழுப்பாக இழுக்கிறேன். நல்ல மட்சா கண்மை தீற்றியதுபோல நீளமாக, இடைவெளி இல்லாமல் இழுபடும். நறநறவென்று அரைத்த பொடி பாதியிலேயே உடைந்து புள்ளி புள்ளியாக நிற்கும். நிறமும் தாளில் தெரிந்துவிடும். இளம்புல் பச்சை நல்லது. காய்ந்த கறிவேப்பிலை நிறத்தில் இருந்தால் பாலில் போட்டதும் இன்னும் மங்கும், பழத்துக்குப் பக்கத்தில் பார்க்கவே சகிக்காது. பழ லாட்டேக்கு இருப்பதிலேயே விலை உயர்ந்த டப்பா வேண்டாம். அதன் மெல்லிய வாசனையைப் பாலும் பழமும் மூடிவிடும். நடுத்தரமான ஒன்று போதும். மலிவாகப் போனாலோ கசப்பை மறைக்கச் சர்க்கரையைக் கொட்ட வேண்டிவரும்.

ஒரு உயரமான பெரிய கிளாஸுக்கு மட்சா 3 கிராம். டீஸ்பூனில் தலை தட்டி ஒன்றரை. பால் மட்டும் கலந்து குடிக்க 2 கிராம் போதும், ஆனால் பழம் வந்தால் அது காணாமல் போய்விடுகிறது. பொடியை டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்துச் சலிக்க வேண்டும். இதை விடவே கூடாது. இவ்வளவு நுண்ணிய பொடி டப்பாவிலேயே ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். நீரில் விழுந்த உருண்டைக்கு வெளிப்புறம் நனையும், உள்ளே காய்ந்தே கிடக்கும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் உடையாது. உறிஞ்சும்போது ஸ்ட்ராவில் வந்து பல்லில் பச்சையாக ஒட்டும்.

சலித்த பொடியில் முதலில் ஒரு ஸ்பூன் சாதாரண தண்ணீர் விட்டுச் சந்தனம்போலக் குழைத்துக்கொள்கிறேன். பிறகு வெந்நீர். 75 முதல் 80 டிகிரி இருக்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் கேட்டகின் அதிகமாக இறங்கித் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். தெர்மாமீட்டர் தேவையில்லை. மும்பை கடல் மட்டத்தில் இருப்பதால் நீர் கொதிப்பது 100 டிகிரியில், குடத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட 30. இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குடத்துத் தண்ணீர் கலந்தால் 76, 77 டிகிரியில் வந்து நிற்கும். நான் 40 மில்லி கொதிநீர், 20 மில்லி சாதாரண நீர் என்று கலக்கிறேன். இதற்கு மேல் தண்ணீர் விட்டால் ஐஸும் சேர்ந்து லாட்டே நீர்த்துப்போகும்.

அடிக்க ஜப்பானிய மூங்கில் விஸ்க், அதாவது சாசென், இருந்தால் நல்லது. அடிப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும். காய்ந்த குச்சி நுனி முறிந்து பானத்தில் விழும். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் நுரை வராது. மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக வேகமாக அடிக்க வேண்டும். அரை நிமிடத்தில் பெரிய குமிழிகள் மறைந்து, மேலே மெல்லிய பச்சை ஏடு படரும். சாசென் இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும், நுரை அடிக்கும் சின்ன ஃபிராதர் போதும், விலையும் குறைவு. மோர் கடையும் மத்து இதற்கு ஒத்துவரவில்லை. அதன் இதழ்களுக்கு நடுவே பொடி நழுவிவிடுகிறது. மட்சாவில் சர்க்கரை சேர்க்கக் கூடாது. காரணம் அடுக்கும் இடத்தில் வரும்.

இனி ஸ்ட்ராபெரி. மும்பைக்கு வருவது பெரும்பாலும் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்துப் பழம். மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சீசன் ஆரம்பத்தில் வரும் பழம் தோளில் வெள்ளையாகவும் புளிப்பாகவும் இருக்கும். பிப்ரவரி வாக்கில் வாங்கினால் உள்ளே நடுப்பகுதிவரை சிவந்திருக்கும். டப்பாவைத் திருப்பி அடியைப் பாருங்கள். மேல் வரிசை எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

கால் கிலோ பழத்தைக் கழுவி, காம்போடு அந்த வெள்ளைத் தோளையும் வெட்டி எறிந்துவிட்டு, நான்காக நறுக்குகிறேன். அதில் பாதியை எடுத்து 50 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசறி அரை மணி நேரம் மூடி வைக்கிறேன். திறந்து பார்த்தால் துண்டுகள் சுருங்கி, அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்புச் சாறு நிற்கும். சர்க்கரை உறிஞ்சி வெளியே இழுத்த சாறு அது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் இதை அப்படியே அடுப்பில் ஏற்றலாம். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. புளிப்புப் பழத்தை அலுமினியத்தில் கொதிக்க வைக்க வேண்டாம். மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம். முதலில் இளஞ்சிவப்பு நுரை பொங்கும், பிறகு நுரை அடங்கி சாறு கெட்டிப்பட்டு, கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சோம்பலாக இறங்கும். அந்த நேரத்தில் அணைத்து, கரண்டியால் மசித்து, ஆறியதும் மீதிப் பாதியைப் பச்சையாகவே பொடியாக நறுக்கிச் சேர்த்துவிட வேண்டும்.

பாதி வெந்தது, பாதி பச்சை. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் வேகவைத்தால் ஜாம் வாசனை வந்துவிடுகிறது, பழத்தின் புதுமணம் இருப்பதில்லை. எல்லாவற்றையும் பச்சையாக அரைத்தால் நீர்த்துப்போய்ப் பாலோடு ஓடிக் கலந்துவிடுகிறது. நிறையப் பேர் இதில் எலுமிச்சை பிழிகிறார்கள். ஜாம் என்றால் சரி, மேலே பால் ஊற்றப் போகிறோம் என்றால் வேண்டாம்.

பால் திரிவது இங்கேதான். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் புளிப்பு ஏறி பி.ஹெச். 4.6க்கு அருகே வந்தால் ஒன்றுகூடித் திரளும். (பி.ஹெச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.) ஸ்ட்ராபெரியின் பி.ஹெச். 3.5 அளவில்தான் இருக்கிறது. அறைச் சூட்டில் இருக்கும் பாலை ஸ்ட்ராபெரி விழுதின் மேல் நேராக ஊற்றிப் பார்த்தால், இரண்டும் தொடும் இடத்தில், கிளாஸின் சுவரை ஒட்டி வெள்ளை மணிகள்போலச் திரிந்த பாலின் சின்னச் சின்ன துணுக்குகள் தெரியும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாக்கில் மணல்போல இருக்கும். பழத்தை வேகவைப்பதால் புளிப்பு குறைவதில்லை, சர்க்கரை சேர்ப்பதாலும் குறைவதில்லை. காப்பாற்றுவது குளிர்ச்சி ஒன்றுதான். நன்றாகச் சில்லிட்ட பாலில் கேசின் அவ்வளவு சீக்கிரம் திரளாது. ஆகவே பால், விழுது, கிளாஸ் மூன்றும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். விழுதுக்கும் பாலுக்கும் நடுவே ஐஸ் கிளாஸ் நிறைய இருக்க வேண்டும். செய்ததும் குடித்துவிட வேண்டும்.

எந்தப் பால் என்பதிலும் கொஞ்சம் அலைந்தேன். 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பால் மட்சாவின் கசப்பை அழகாக அடக்குகிறது, ஆனால் கூடவே பழத்தின் வாசனையையும் மந்தமாக்கிவிடுகிறது. 3 சதவீத டோன்டு பால் இதற்கு நேர் எதிர், ஐஸ் கொஞ்சம் உருகியதும் தண்ணீராகத் தெரிகிறது. இரண்டையும் சமமாகக் கலந்தால் ஸ்ட்ராபெரிக்குச் சரியாக வருகிறது. காய்ச்சிய பால் என்றால் ஆறவைத்து, ஆடையை நீக்கி, வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆடைத் துணுக்கு மேலே வந்து பச்சை அடுக்கை ஓட்டை போடும். பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் அந்த வாசனை மட்சாவை அமுக்கிவிடும். ஒரு பொங்கு வந்ததும் இறக்கிவிடுவது நல்லது.

இப்போது அடுக்குவோம். கிளாஸின் அடியில் மூன்று மேஜைக்கரண்டி ஸ்ட்ராபெரி விழுது. மேலே விளிம்புவரை ஐஸ். பெரிய கட்டிகளாக இருந்தால் மெதுவாக உருகும். அதன் மேல் 150 மில்லி பால், ஐஸ் கட்டியின் தலையில் படும்படி மெல்ல. கடைசியில் மட்சா, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வழியவிட்டு. மூன்றும் தனித்தனியாக நிற்பது எடைக் கணக்கு. சர்க்கரை ஏறிய விழுது கனம், அது அடியில். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அது நடுவில். சர்க்கரை போடாத, வெறும் தண்ணீரில் அடித்த மட்சா லேசு, அது மேலே மிதக்கும். மட்சாவில் சர்க்கரை கலந்தால் அதுவும் கனத்துப் பாலுக்குள் இறங்கிவிடும். சர்க்கரையை முழுக்கப் பழத்திலேயே வைப்பதற்கு இதுதான் காரணம். குளிர்ந்த பாலில் சர்க்கரை எளிதில் கரையாது என்பது இன்னொன்று.

அப்புறம் எப்படிக் குடிப்பது? வீட்டில் இதற்கு முதல் ருசி பார்த்தவள் என் அக்கா மகள். “சித்தி, கலக்காதீங்க. கலக்குனா காபி மாதிரி ஆயிடும்” என்றாள். அவள் சொன்னது நிஜம். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் பழுப்புதான் வரும், எவ்வளவு நல்ல மட்சாவாக இருந்தாலும். ஸ்ட்ராபெரி லாட்டேயை ஸ்ட்ராவை அடிவரை விட்டு, கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே என்று நகர்த்திக்கொண்டே குடிக்க வேண்டும். ஒரு வாய் புளிப்பு, அடுத்த வாய் பச்சை. மட்சா நீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்துவிட்டுப் போனால் தானாக இறங்கும். அதனாலும் ஆறப்போடக் கூடாது.

ஹாபூஸ் வந்ததும் மேலே சொன்னதில் பாதி செல்லாது. ரத்னகிரியோ தேவ்கடோ, நன்றாகக் கனிந்த பழத்தை உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக்கி, காம்பைக் கிள்ளி, ஆம்ரசுக்கு, அதாவது மாம்பழக் கூழுக்கு, பிழிவதுபோலப் பிழிய வேண்டும். நார் இருக்காது. சர்க்கரை வேண்டாம். அடுப்பு வேண்டவே வேண்டாம், சூடு பட்டால் அந்த மணம் போய்விடும். ஸ்ட்ராபெரி அளவுக்குப் புளிப்பு இல்லாததால் பால் பயமும் குறைவு. டின்னில் வரும் மாம்பழக் கூழில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும், லேபிளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஹாபூஸில் சிக்கல் வேறு மாதிரி. மணம் அவ்வளவு வலுவாக இருப்பதால் 3 கிராம் மட்சா பக்கத்தில் நிற்கவே முடியாது. அதை 4 கிராமாக்கி, பழத்தை இரண்டு மேஜைக்கரண்டியாகக் குறைத்து, பாலையும் 120 மில்லியாக்கினால் இரண்டின் சுவையும் தெரிகிறது. இதைக் கலக்கியே குடிக்கலாம். மஞ்சளும் பச்சையும் சேர்ந்து பிஸ்தா நிறம் வருகிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. என்னைக் கேட்டால் ஸ்ட்ராபெரியைவிட இதுதான் ஒரு படி மேல். மட்சாவின் கசப்புக்கு இனிப்பு மட்டும் போதாது, ஒரு கொழகொழப்பும் வேண்டும். மாம்பழத்தில் அது இயல்பாகவே இருக்கிறது.

ஜூனில் நாவல்பழம் ஆசை காட்டும், அந்தக் கருநீலத்தைப் பார்த்ததும் கை போகும். ஆனால் பழமும் துவர்ப்பு, மட்சாவும் துவர்ப்பு. இரண்டும் சேர்ந்து நாக்கை உலர்த்திவிடுகின்றன. நாவல்பழத்தை உப்பு தூவித் தனியாகச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை.

அன்னாசியைப் பச்சையாகப் பாலில் போட்டால் வேறு ஒன்று நடக்கும். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தையே வெட்டிப் போட்டுக் கசப்பாக்குகிறது, நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். கிவியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு. மட்சாதான் கசக்கிறது என்று நினைத்து டப்பாவைக் குறை சொல்ல வாய்ப்பிருக்கிறது. நறுக்கிய அன்னாசியை சர்க்கரையோடு ஒரு பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். புளிப்பு மட்டும் மிஞ்சும், அதற்கு ஸ்ட்ராபெரிக்குச் சொன்ன குளிர்ச்சிக் கணக்குதான்.

சீதாப்பழம் இதில் யாரும் அதிகம் பேசாத பழம். மும்பையில் சீதாப்பழ கிரீம் விற்கும் ஜூஸ் கடைகளைப் பார்த்தவர்களுக்குப் பாலோடு அது எப்படிச் சேரும் என்று தெரிந்திருக்கும். மட்சாவோடு அதைவிட நன்றாகச் சேர்கிறது. புளிப்பே இல்லாததால் திரிவதில்லை, வெள்ளைச் சதை என்பதால் பச்சை கெடுவதில்லை. சிரமம் கொட்டை எடுப்பதில்தான். மிக்ஸி வேண்டாம். கொட்டை உடைந்தால் கசப்பு இறங்கும், அது சாப்பிடக் கூடியதும் இல்லை. பெரிய ஓட்டையுள்ள வடிகட்டியில் சதையைப் போட்டு, கொஞ்சம் குளிர்ந்த பால் விட்டு, விரலால் பிசைந்தால் சதை கீழே இறங்கி, கறுப்புக் கொட்டைகள் பளபளவென்று மேலே நிற்கும். சூடுபடுத்தினால் சீதாப்பழச் சதை கசந்துவிடும், ஆகவே அடுப்புப் பக்கம் போக வேண்டாம். ஒரு பழம் ஒரு கிளாஸுக்கு. சர்க்கரை தேவையில்லை.

மழைக்காலம் பொடிக்கு எதிரி. மும்பை ஜூலைக் காற்றில் திறந்து வைத்த டப்பா ஓரிரு நாளில் கட்டிதட்டும். ஃபிரிட்ஜில் வைத்தாலும், சில்லிட்ட டப்பாவை வெளியே எடுத்த கையோடு திறந்தால் காற்றின் ஈரம் பொடியின் மேலேயே வியர்க்கும். நான் வாங்கியதும் காற்றுப் புகாத இரண்டு மூன்று சின்ன டப்பாக்களில் பிரித்துவிடுகிறேன். ஒன்று மட்டும் அன்றாடம் திறக்க, மற்றவை மூடியபடி ஃபிரிட்ஜில். அதில் ஒன்றை எடுக்கும்போது, மூடியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பேன். சாசெனையும் சோப்பு போடாமல் தண்ணீரில் அலசி, குச்சி கீழே படாமல் காற்றாட நிறுத்த வேண்டும். அலமாரிக்குள் ஈரத்தோடு வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

காஃபீனையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிராம் மட்சாவில் பொடியைப் பொறுத்துச் சுமார் 20 முதல் 45 மில்லிகிராம்வரை காஃபீன் இருக்கும். மாம்பழத்துக்கு 4 கிராம் போட்டால் அது ஒரு நல்ல காபிக்குக் குறையாது, மாலை ஆறு மணிக்குமேல் குடித்தால் தூக்கம் கெடும். சின்னக் குழந்தைகளுக்கு பழமும் பாலும் மட்டும் அடுக்கிக் கொடுத்தால் போதும், அவர்களுக்குப் பச்சை நிறத்தில் பெரிய நாட்டம் இருப்பதில்லை.

ஸ்ட்ராபெரி விழுது ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். மார்ச் கடைசியில் பழம் மலிந்து கிடக்கும்போது மொத்தமாக வாங்கி, இந்த முறை முழுவதையும் வேகவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீஸரில் வைத்துவிடுகிறேன். உறைந்து உருகும்போது பச்சைத் துண்டு கொழகொழவென்று ஆகிவிடுவதால் அது வேண்டாம். கெட்டியானதும் கட்டிகளைத் தட்டி ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் மழைக்காலம்வரை வரும். ஒரு கிளாஸுக்கு இரண்டு கட்டி. முதல் நாள் இரவே கிளாஸில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் உருகிச் சில்லென்று தயாராக இருக்கும், ஐஸும் பாலும் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.